வேண்டாம் என்று சொல்லலாம், சீ என்று சொல்லக்கூடாது



மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினோம். "சார், ஜெர்மனி படம் போடுங்க" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆறு, பனி, கோபுரம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், பிறகு போடுகிறேன். ஆனால் நான் அங்கே மிகவும் ரசித்த ஒன்றுக்கு என்னிடம் படம் இல்லை. அது பேத்தியின் பள்ளிக்கூடத்துச் சமையல் வகுப்பு. பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்தைப் பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் வெளியில் போடக்கூடாது என்று ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் எழுதித்தான் காட்ட வேண்டும். கொஞ்சம் நீளம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. கடைசி வரை படியுங்கள். உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று கடைசியில் இருக்கிறது.

மகள் இருப்பது தெற்கு ஜெர்மனியில், உல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். உல்ம் என்றால் ஐன்ஸ்டீன் பிறந்த ஊர், டான்யூப் ஆற்றங்கரை. பேத்தி 7-ம் வகுப்பு. அந்த மாநிலத்தில் அன்றாட வாழ்க்கை, உணவு, சமூகம் மூன்றையும் சேர்த்து ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். அதற்கென்று பள்ளியில் அடுப்பும் தொட்டியும் மேசையுமாகத் தனி அறை. நம் பள்ளிகளில் அறிவியல் ஆய்வகம் இருப்பதுபோல.

ஐரோப்பாவில் எராஸ்மஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. 1987-ல் கல்லூரி மாணவர்கள் வேறு நாட்டில் போய்ப் படிப்பதற்காகத் தொடங்கினார்கள். பிறகு பள்ளிக்கூடங்களும் அதற்குள் வந்தன. 2005 முதல், நாடு விட்டு நாடு வகுப்பறைகளை இணையம் வழியே இணைக்கும் ஏற்பாடும் உண்டு. பேத்தியின் பள்ளியோடு போர்ச்சுகல், போலந்து, பின்லாந்து நாடுகளிலிருந்து ஒவ்வொரு பள்ளி சேர்ந்திருந்தது. இந்த ஆண்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு "எங்கள் வட்டாரத்துச் சாப்பாடு". குளிர்காலம் முழுக்கக் கணினி வழியே பேசி, மார்ச் மாதம் ஒரு வாரம் எல்லாப் பிள்ளைகளும் இங்கே வந்து ஒன்றாகச் சமைப்பது என்று முடிவு. போலந்துப் பெண் குழந்தை ஒன்று மகள் வீட்டில்தான் தங்கியது.

மாவு தேய்க்கப் பெரியவர்கள் இருவர் தேவை என்று சீட்டு வந்தது. நான் போகிறேன் என்றேன். வீட்டம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நாற்பது வருஷத்துல ஒரு சப்பாத்தி தேய்ச்சுக் குடுத்திருக்கீங்களா?" நியாயமான கேள்வி. ஆனாலும் போனேன்.

முதல் நாள் ஆசிரியை பலகையில் நான்கு கேள்விகள் எழுதினார். இந்த உணவை முதலில் சமைத்தவர்கள் யார்? ஏன் இந்தப் பொருள்களை வைத்துச் சமைத்தார்கள்? எந்த நாளில் சாப்பிடுவார்கள்? இதைச் சாப்பிடாதவர்கள் யார், ஏன்? ஒவ்வொரு குழுவும் தன் உணவுக்கு இந்த நான்குக்கும் விடை தேடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒவ்வாமைப் பட்டியல். கோதுமை, முட்டை, பால், மீன், எள் என்று 14 பொருள்களை ஐரோப்பியச் சட்டம் குறிப்பிட்டிருக்கிறது. அவற்றில் எது இருந்தாலும் எழுதி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே பெரிய எழுத்தில் ஒரு விதி. எனக்கு ஜெர்மன் தெரியாது. பேத்தி மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா, 'வேண்டாம்'னு சொல்லலாமாம். 'சீ'ன்னு சொல்லக்கூடாதாம்."

நல்ல விதி என்று நினைத்துக்கொண்டு மாவுப் பலகைக்குப் போனேன். அவ்வளவுதான் அப்போது நினைத்தேன்.

அந்த வட்டாரத்துக்குச் சுவாபியா என்று பெயர். அவர்கள் உணவு மவுல்டாஷன். முட்டை போட்டுப் பிசைந்த மாவை மெல்லிசாகத் தேய்த்து, கொத்துக்கறி, கீரை, வெங்காயம், ஊறவைத்த ரொட்டி எல்லாம் கலந்த பூரணத்தை வைத்து மடித்து, கொதிக்கும் சாற்றில் வேகவைப்பது. நம் சோமாசியைச் சதுரமாக மடித்து அவித்தால் எப்படி இருக்கும், அப்படி. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று வீட்டுக்கு வீடு செய்வார்கள். அதற்கு ஒரு கதை. மவுல்பிரோன் என்ற பழைய மடத்துத் துறவிகளுக்குத் தவக்காலத்தில் கறி கிடைத்ததாம். தின்னவும் கூடாது, எறியவும் மனமில்லை. கீரையோடு கொத்தி மாவுக்குள் வைத்து மூடிவிட்டால் ஆண்டவருக்குத் தெரியாது என்று செய்தார்களாம். அதனால் அதற்குச் செல்லப்பெயரே "ஆண்டவனை ஏமாற்றுகிற குட்டி" என்கிற பொருளில் இருக்கிறது. கதை உண்மையோ இல்லையோ, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகள் சிரித்தார்கள். 2009 முதல் அந்த வட்டாரத்துக்கே உரிய உணவு என்று ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பாதுகாப்பும் கொடுத்திருக்கிறது. நம் கோவில்பட்டி கடலைமிட்டாய் பற்றிப் பேசும்போது புவிசார் குறியீடு என்கிறோமே, அந்த மாதிரி.

வகுப்பில் துருக்கி வம்சாவளிப் பிள்ளைகள் நாலைந்து பேர். பன்றிக்கறி சாப்பிட மாட்டார்கள். நான்காவது கேள்விக்கு அவர்களே விடை எழுதினார்கள். அதனால் மூன்று தட்டு: பன்றிக்கறி, மாட்டுக்கறி, வெறும் கீரை. "எங்க பாட்டி மன்தி செய்வாங்க, இதைவிடக் குட்டி, மேல தயிர் ஊத்துவாங்க" என்று ஒரு பெண் சொன்னாள். ஆசிரியை உடனே பலகையில் அதையும் எழுதினார். என் பேத்தி எதைத் தன் வட்டாரத்து உணவாக எழுதியிருப்பாள் என்று எட்டிப் பார்த்தேன். மவுல்டாஷன் என்று எழுதியிருந்தாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, மறைப்பானேன். பிறகு யோசித்தால், அவள் பிறந்தது உல்ம் ஆஸ்பத்திரியில். அவள் எழுதியது சரிதான். கீழே சிறிய எழுத்தில் "வீட்டில்: கொழுக்கட்டை" என்றும் இருந்தது.

பின்லாந்துப் பிள்ளைகள் கரேலியப் பணியாரம் செய்தார்கள். பணியாரம் என்பது நான் வைத்த பெயர். கம்பு நிறத்தில் இருக்கும் ரை என்ற தானிய மாவை அப்பளம் போலத் தேய்த்து, நடுவில் பாலில் குழைய வேகவைத்த அரிசியை வைத்து, ஓரத்தைச் சுருக்கிச் சுருக்கி மடித்து அடுப்பில் சுடுகிறார்கள். மேலே வெண்ணெயில் மசித்த அவித்த முட்டை. அரிசி விளையாத நாட்டில் அரிசி எப்படி என்று கேட்டேன். முன்னே பார்லி வைத்தார்களாம், அரிசி பிற்பாடு வந்ததாம். கரேலியா என்பது அவர்கள் கிழக்கு எல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதில் பெரும் பகுதி சோவியத் யூனியனுக்குப் போய்விட்டது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பி நாடு முழுக்கக் குடியேறினார்கள். அவர்கள் போன இடமெல்லாம் இந்தப் பணியாரமும் போனது. இன்று பின்லாந்தில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

வீட்டில் தங்கிய போலந்துக் குழந்தையின் கதையும் கிட்டத்தட்ட அதேதான். அவள் பள்ளி மேற்குப் போலந்தில். ஆனால் கொள்ளுப்பாட்டி இன்று உக்ரைனில் இருக்கும் பகுதியைச் சேர்ந்தவர். 1945-ல் எல்லைக்கோடு மேற்கே நகர்ந்தபோது குடும்பமும் நகர்ந்தது. அவள் செய்தது பியரோகி, அதாவது உருளைக்கிழங்கும் பன்னீர் மாதிரியான தயிர்க்கட்டியும் வதக்கிய வெங்காயமும் வைத்து மடித்த கொழுக்கட்டை. அதன் போலந்துப் பெயரைக் கேட்டால் ரஷ்யாவைச் சொல்வதுபோல இருக்கும், உண்மையில் அது ருத்தேனியா என்ற பழைய வட்டாரத்தின் பெயர். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் போலந்தில் சில உணவகங்கள் அந்தப் பெயரையே மாற்றி எழுதினவாம். "எங்க வீட்டுல பேரை மாத்தல, பாட்டி வச்ச பேரு" என்றாள் அந்தக் குழந்தை. பன்னிரண்டு வயசு.

போர்ச்சுகல் பிள்ளைகள் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. அவர்கள் நாட்டின் வடகிழக்கு மூலை, மிரான்டெலா பக்கம். அங்கே அல்யைரா என்று ஒரு உணவு. கோழிக்கறி, ரொட்டி, பூண்டு, மிளகாய்த்தூள் கலந்து குடலுக்குள் அடைத்துப் புகையில் தொங்கவிடுவார்கள். 1496-ல் போர்ச்சுகல் அரசர் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி ஆணை போட்டார். மறுவருடம் பலரைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். மாறியவர்கள் உண்மையாக மாறினார்களா என்று வேவு பார்க்க 1536-ல் விசாரணை மன்றமும் வந்தது. ஊரில் எல்லா வீட்டு உத்தரத்திலும் பன்றிக்கறிக் குடல் தொங்கும். எந்த வீட்டில் தொங்கவில்லையோ அந்த வீட்டின் மேல் சந்தேகம். அதனால் யூதக் குடும்பங்கள் பன்றி இல்லாமல், பார்வைக்கு அதே மாதிரி ஒன்றைச் செய்து தொங்கவிட்டார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. இன்று அதில் பன்றிக்கறியும் சேர்க்கிறார்கள், நாடே கொண்டாடிச் சாப்பிடுகிறது.

அந்தக் கதையைப் படித்த பையன் தாளை மடித்து வைத்துவிட்டு ஒன்று சொன்னான். ஆசிரியை அதை ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார். "மவுல்டாஷன் செய்தவர்கள் சாமிக்குப் பயந்து மூடினார்கள். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து மூடினார்கள்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கு ஒரு தூக்குவாளியின் மூடி ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதைத் தள்ளிவிட்டேன்.

வியாழக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிச் சுவாபிய மலைப்பக்கம் கூட்டிப் போனார்கள். சுண்ணாம்புக்கல் மேடு. மண் மெல்லிசு, காலை வைத்தால் கல். அங்கே ஒரு காலத்தில் ஏழை விவசாயிகள் மைசூர்ப் பருப்பு வகையைச் சேர்ந்த ஒரு பருப்பை விளைவித்தார்கள். செடி தானாக நிற்காது, பார்லியோ ஓட்ஸோ கூட விதைத்து அதில் சாய விடுவார்கள். விளைச்சல் கட்டுப்படியாகாமல் போன நூற்றாண்டில் விட்டுவிட்டார்கள், விதையும் அழிந்தது. 2006-ல் அந்த விதை ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வாவிலோவ் விதைக் காப்பகத்தில் கிடைத்தது. போர்க்காலத்தில் அந்த நகரத்தை ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்தபோது, அந்தக் காப்பகத்து ஊழியர்களில் சிலர் சுற்றிலும் தானியத்தை வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் பட்டினியால் செத்தார்கள். அங்கிருந்துதான் ஜெர்மன் விவசாயிகளுக்கு அவர்களுடைய பருப்பு திரும்பி வந்தது. இதைச் சொல்லும்போது அந்த ஆசிரியை எதையும் மறைக்கவில்லை. முற்றுகையிட்டது யார் என்று பிள்ளைகளிடமே கேட்டார். அவர்களும் சொன்னார்கள்.

அடுத்துப் போன இடம் நத்தைத் தோட்டம்.

ஆமாம், நத்தை. பலகை அடித்த வேலிக்குள் கீரை விதைத்து நத்தை வளர்க்கிறார்கள். காட்டு நத்தையைப் பிடிக்கச் சட்டம் இடம் தராது, வளர்த்ததைத்தான் சமைக்கலாம். குளிர் வந்ததும் நத்தை சுண்ணாம்பால் ஒரு மூடி செய்து ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு தூங்கிவிடும். முன் காலத்தில் அப்படி மூடிக்கொண்ட நத்தைகளைப் பீப்பாயில் அடைத்து, உல்மில் தட்டையான மரப்படகுகளில் ஏற்றி, டான்யூப் வழியாக வியன்னா வரை அனுப்பினார்கள். போன படகு திரும்பாது, அதையும் அங்கேயே விறகுக்கும் மரத்துக்கும் விற்றுவிடுவார்கள். தவக்காலத்தில் கறி கூடாது, ஆனால் நத்தை கறிக்கணக்கில் வராது. அதனால் மடங்களில் நல்ல கிராக்கி. மேட்டு நிலத்து ஏழைகளுக்கு அது கைச்செலவுக் காசு.

பூண்டும் வெண்ணெயும் போட்டுச் சுட்ட நத்தையைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். பேத்தி மூக்கைச் சுருக்கினாள், வாயைத் திறக்கப்போனவள் ஆசிரியையைப் பார்த்தாள். "வேண்டாம், நன்றி" என்றாள். போர்ச்சுகல் பையன் இரண்டு எடுத்துக்கொண்டான். அவர்கள் நாட்டில் கோடையில் தட்டுத் தட்டாகச் சாப்பிடுவார்களாம். நானும் ஒன்றை எடுத்தேன். வாயில் வைத்தேன். விழுங்க முடியவில்லை. ருசி காரணமல்ல.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

1987, ஐப்பசி மழை. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான். 4-ம் வகுப்பு. மத்தியானம் பிள்ளைகள் சத்துணவுத் தட்டோடு வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் வீட்டிலிருந்து சின்ன எவர்சில்வர் தூக்கு கொண்டு வந்திருந்தான். மூடியைத் திறந்ததும் மிளகு வாசனை. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து "நத்தை!" என்றான். "சீ" என்று முதலில் சொன்னது எந்தப் பிள்ளையும் இல்லை. நான்தான் சொன்னேன். "இதையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரலாமா? எந்திரிச்சு வெளியில போய் உட்காரு" என்றும் சொன்னேன். பிறகு எல்லாப் பிள்ளைகளும் சொன்னார்கள், வாத்தியாரே சொன்ன பிறகு என்ன?

அவன் எழுந்து அடிபம்புக்குப் போனான். தூக்கைக் கவிழ்த்தான். தண்ணீர் அடித்துக் கழுவினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் சாப்பிட்டான். என்றைக்காவது வீட்டிலிருந்து ஏதாவது கொண்டு வந்தால் மூடியைச் சாய்த்து மறைத்துக்கொள்வான்.

நான் சைவம் இல்லை. மீனும் கறியும் சாப்பிடுகிறவன். அதனால் சைவம் அசைவம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. வயலில் நத்தை பொறுக்கிச் சாப்பிடுகிறவர்கள் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மூலத்துக்கு நல்லது என்று அதே நத்தையைப் பெரிய வீடுகளில் கொல்லைப்பக்கமாக வாங்கிக்கொள்வதும் எனக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் குழந்தை உளவியல் கற்றுக்கொடுத்தார்கள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

ஊர் வந்ததும் அந்தப் பையனுக்கு, இப்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அப்பா, போன் செய்தேன். என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இங்கே "வணங்குகிறேன் சார்" என்று எழுதுகிறவர். விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவரே சொன்னார்:

"எங்கம்மா விடியக்காலம் எந்திரிச்சு, அவிச்சு, ஒவ்வொண்ணா ஓட்டை விட்டு எடுத்து ஆஞ்சு வச்சாங்க சார். நல்லா வந்துருக்கு, கூட இருக்குற புள்ளைங்களுக்கும் குடுன்னு சொல்லிவிட்டாங்க. சாயங்காலம் போனதும், எல்லாருக்கும் குடுத்தியான்னு கேட்டாங்க. குடுத்தேம்மா, எல்லாரும் நல்லாருக்குன்னாங்கன்னு சொல்லிட்டேன்."

அந்த அம்மா இப்போது இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை தன் தாயிடம் அப்படி ஒரு பொய் சொல்லும்படி செய்தவன் நான். போர்ச்சுகல் பையன் படித்த தாளில் இருந்த வீட்டை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எம் பேரு போடாதீங்க சார். மத்தத எழுதுங்க" என்றார். பிறகு, "அங்க எப்படி சார் செய்யுறாங்க?" என்று கேட்டார். வெண்ணெயும் பூண்டும் போட்டு, என்றேன். "மிளகு போடலையா?" என்றார். அதிகம் போடவில்லை போலிருக்கிறது என்றேன். "அப்ப நம்ம பக்குவம்தான் சார் நல்லாருக்கும்" என்று சிரித்தார். மழைக்காலத்தில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன். இந்த முறை விழுங்குவேன்.

என் மாணவர்களில் பதினேழு பேராவது இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன், பழைய பழக்கம். எராஸ்மஸும் வேண்டாம், விமானமும் வேண்டாம். உங்கள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் பத்து வட்டாரம் இருக்கும், ஒரே ஊரிலேயே தெருவுக்கு ஒரு பக்குவம் இருக்கும். அந்த நான்கு கேள்வியையும் கேட்டு வரச் சொல்லுங்கள். பாட்டிகளைக் கேட்கட்டும். நான்காவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதில்தான் பாடம் இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு முன்னால் பலகையில் அந்த விதியை எழுதிவிடுங்கள். விதி முதலில் உங்களுக்கு. பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் மூக்கைச் சுருக்குவார்கள்.

அன்புடன்,
உங்கள் சார்